அந்துப்பூச்சியின் மீசைக்குள் என்ன நடக்கிறது?

பட்டுக்கூடு அறுவடை முடிந்த வீட்டில், புழு கூடு கட்டுவதற்கு வைக்கும் மூங்கில் தட்டான சந்திரிகையின் இடுக்குகளில் பத்துப் பதினைந்து கூடு மிச்சம் ஒட்டிக்கொண்டிருக்கும். கறை பட்டது, நசுங்கியது, இரண்டு புழு சேர்ந்து கட்டியது என்று விலைக்குத் தேறாதவை. கிருஷ்ணகிரிப் பக்கம் சொந்தக்காரர் வீட்டுக்குப் போனபோது அதில் ஒரு கைப்பிடியை அட்டைப்பெட்டியில் போட்டு எடுத்து வந்தேன், அப்புறம் மறந்தும் போய்விட்டேன். ஒரு வாரம் கழித்து விடியற்காலையில் பெட்டிக்குள் சரசரவென்று சத்தம். திறந்தால் வெள்ளை வெளேரென்று ஐந்து பூச்சிகள். வயிறு பருத்து, நகராமல் உட்கார்ந்திருந்த இரண்டும் பெண். ஒல்லியாக, இறக்கையைப் படபடவென்று அடித்துக்கொண்டு சுற்றிச் சுற்றி வந்த மூன்றும் ஆண்.

ஆண் ஒன்றைத் தனியாக எடுத்து அடுத்த அறையில் மேசைமேல் விட்டேன். கொஞ்ச நேரத்தில் அடங்கிவிட்டது, பொம்மை வைத்த மாதிரி. பிறகு பெண் பூச்சி உட்கார்ந்திருந்த காகிதத்தில் ஒரு துண்டைக் கிழித்து, பூச்சி இல்லாமல் வெறும் காகிதத்தை மட்டும் அதன் முன்னால் நீட்டினேன். இரண்டு மூன்று வினாடிதான். தலையில் இருந்த இரண்டு குட்டிச் சீப்புகளும் முன்னால் நிமிர்ந்தன, இறக்கை படபடக்க ஆரம்பித்தது, காகிதத்தைப் பார்த்து வளைந்து வளைந்து நடந்து வந்தது. நானும் அந்தக் காகிதத்தை முகர்ந்து பார்த்தேன். காகித வாசனை வந்தது, அவ்வளவுதான்.

அந்தச் சீப்பைப் பற்றித்தான் எழுதப்போகிறேன். பாடப்புத்தகத்தில் அதற்கு உணர்கொம்பு என்று பெயர். அதுவே கரப்பான்பூச்சிக்கு இருந்தால் நாம் மீசை என்போம். எனக்கு மீசை என்கிற பெயர்தான் பிடிக்கும் என்பதால் இங்கே அப்படியே சொல்லிக்கொண்டு போகிறேன். முகத்தில் இருக்கிறது, மயிர் நிறைய இருக்கிறது, பெரும்பாலும் ஆணுக்குத்தான் எடுப்பாக இருக்கிறது, வேறென்ன வேண்டும்?

முதலில் அந்துப்பூச்சி என்றால் எது என்று தெளிவாக்கிக்கொள்ளலாம். அரிசி மூட்டையைத் திறந்தால் பறக்கிற சின்ன அந்து, ராத்திரி ட்யூப்லைட்டில் மோதுகிற விட்டில், பட்டுப்பூச்சி, கையகலத்துக்கு இறக்கை விரிக்கிற காட்டுப் பூச்சி எல்லாமே ஒரே கூட்டம். வண்ணத்துப்பூச்சி இவற்றின் நெருங்கிய உறவு. இரண்டையும் பிரித்துச் சொல்ல மீசையையே பார்க்கலாம்: வண்ணத்துப்பூச்சியின் மீசை தீக்குச்சி மாதிரி நுனியில் குமிழோடு முடியும், அந்துக்கு அந்தக் குமிழ் பெரும்பாலும் இருக்காது, நூல் மாதிரியோ சீப்பு மாதிரியோ இறகு மாதிரியோ இருக்கும்.

மீசைக்கு மூன்று பகுதி. தலையோடு ஒட்டிய அடித்தண்டு, அதன்மேல் ஒரு சின்னக் கணு, அதற்குமேல் கணுக்கணுவாக நீண்டு போகும் சாட்டை. இந்தச் சாட்டைக்குள் தசையே கிடையாது. பூச்சி மீசையை ஆட்டுகிறதே என்றால், கீழே உள்ள பகுதிகளைத்தான் ஆட்டுகிறது, சாட்டை சும்மா கூடவே போகிறது, தூண்டிலை மணிக்கட்டால் ஆட்டுகிற மாதிரி. மோப்பம் பிடிக்கிற மயிர்கள் எல்லாம் சாட்டையில்தான். இரண்டாவதாக வருகிற அந்தச் சின்னக் கணுவை மறந்துவிடாதீர்கள், அதில் ஒரு விசேஷம் இருக்கிறது, கடைசியில் சொல்கிறேன்.

ஏன் சீப்பு?

ஆண் பட்டுப்பூச்சியின் மீசை ஆறு மில்லிமீட்டர் நீளம்தான் இருக்கும். நடுவில் ஒரு தண்டு, இரண்டு பக்கமும் வரிசையாகக் கிளைகள், அந்தக் கிளைகளில் மயிர்கள். பத்து மடங்கு பெரிதாக்கிக் காட்டும் கைலென்ஸில் கிளைகள் வரைக்கும் நன்றாகவே தெரியும். மயிர்களைப் பார்க்க மைக்ரோஸ்கோப் வேண்டும்.

காற்றில் எங்கோ ஒன்று மிதந்து வரும் மூலக்கூறைப் பிடிக்க வேண்டுமென்றால் வலை மாதிரி ஒன்று தேவை என்பது புரிகிறது. ஆனால் வலையை நெருக்கமாகப் பின்னிவிட்டால் வேலை நடக்காது. இவ்வளவு சின்ன அளவில் காற்று நமக்குத் தெரிகிற காற்றாக நடந்துகொள்வதில்லை, எண்ணெய் மாதிரி கெட்டியாக நடந்துகொள்கிறது. இடைவெளி குறைந்தால் உள்ளே நுழையாமல் மீசையைச் சுற்றிக்கொண்டு போய்விடும். இடைவெளி அதிகமானால் தாராளமாக நுழையும், ஆனால் மூலக்கூறுகள் எதிலும் படாமல் தப்பிவிடும். சீப்பின் பற்களும் மயிர்களும் இந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு சமரசம். பட்டுப்பூச்சியில் அளந்து பார்த்தபோது, மீசையின் பரப்பளவுக்கு நேராக வருகிற வாசனை மூலக்கூறுகளில் கால்பங்குக்கும் மேல் அதில் சிக்கிக்கொள்கிறது என்று தெரிந்தது. ஓட்டை நிறைந்த ஒரு சீப்புக்கு இது மோசமில்லை.

அந்த இறக்கைப் படபடப்பும் சும்மா ஆர்வக்கோளாறு என்று நினைத்துவிட வேண்டாம். பட்டுப்பூச்சிக்குப் பறக்கத் தெரியாது. ஆயிரக்கணக்கான ஆண்டுகள் மனிதன் தட்டில் வைத்துச் சோறு போட்டதில் அந்தத் திறமை போய்விட்டது. ஆனாலும் இறக்கையை அடிக்கிறது, ஏனென்றால் அப்படி அடிக்கும்போது முன்னாலிருந்து காற்று மீசை வழியாக இழுக்கப்படுகிறது. நாம் சாம்பார் கொதிக்கும்போது மூக்கை உறிஞ்சி வாசனை பார்ப்போமே, அதேதான். மூக்கில் உறிஞ்ச வழியில்லாத பூச்சி இறக்கையால் உறிஞ்சுகிறது.

ஒற்றை மயிருக்குள்

இனி மயிருக்குள் போகலாம். இந்தக் கட்டுரையில் எனக்குப் பிடித்த இடம் இதுதான், கொஞ்சம் நின்று பார்ப்போம்.

மயிர் என்று சொல்கிறேனே தவிர நம் தலைமயிருக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. நம்முடையது உயிரில்லாத இழை. இது உள்ளே கூடாக, திரவம் நிரம்பி, நரம்பு ஓடுகிற ஒரு குழாய். உணர்மயிர் என்று வைத்துக்கொள்ளலாம், அறிவியலில் சென்சில்லம் என்பார்கள். பட்டுப்பூச்சியின் ஆண் மீசை ஒவ்வொன்றிலும் பெண்ணின் வாசனைக்கென்றே ஏறக்குறைய 17,000 நீளமான உணர்மயிர்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு நீளம். தடிமனில் நம் தலைமுடியில் முப்பதில் ஒரு பங்கு இருந்தால் அதிகம்.

மயிரின் சுவர் பூச்சியின் மேலோட்டைப் போலவே மெழுகு பூசிய கெட்டிச் சுவர், ஆனால் அதில் ஆயிரக்கணக்கில் துளைகள். ஒரு துளையின் அகலம் ஒரு மில்லிமீட்டரில் கிட்டத்தட்ட லட்சத்தில் ஒரு பங்கு. வாசனை மூலக்கூறு நேராகத் துளையில் வந்து விழ வேண்டும் என்றில்லை. சுவரில் எங்கே ஒட்டினாலும் போதும், மெழுகுப் பரப்பில் அங்கும் இங்கும் வழுக்கிக்கொண்டே போய் ஏதாவது ஒரு துளையில் இறங்கிவிடும்.

இறங்கியதும் ஒரு சிக்கல். உள்ளே இருப்பது தண்ணீர் மாதிரியான உப்புத் திரவம். பெண் பட்டுப்பூச்சி வெளியிடும் மூலக்கூறு 16 கார்பன் வரிசையாகக் கோத்த ஒரு சங்கிலி, எண்ணெய்ப் பசை கொண்டது, தண்ணீரில் கரையாது. ரசத்தில் நல்லெண்ணெய் விட்டால் மேலேயே நிற்குமே, அந்தக் கதைதான். நரம்போ திரவத்துக்குள் மூழ்கி இருக்கிறது. யாராவது கையைப் பிடித்து அழைத்துக்கொண்டு போனால்தான் உண்டு.

அழைத்துக்கொண்டு போக ஆள் இருக்கிறது. அந்தத் திரவத்தில் ஒரு புரதம் மிக அடர்த்தியாக மிதக்கிறது, நடுவில் ஒரு பொந்து உள்ள சின்னப் புரதம். எண்ணெய் மூலக்கூறு அந்தப் பொந்துக்குள் உட்கார்ந்துகொள்ளும், வெளியில் தண்ணீருக்கு ஒத்துப்போகிற முகம் இருப்பதால் பரிசல் மாதிரி அக்கரைக்குப் போய்விடலாம். 1981-ல் ரிச்சர்ட் வோக்ட், லின் ரிடிஃபோர்ட் இருவரும் பாலிஃபீமஸ் என்ற வட அமெரிக்க அந்துப்பூச்சியில் இதை முதலில் கண்டுபிடித்தார்கள். பட்டுப்பூச்சியிலும் இதே வகைப் புரதம் உண்டு. அமிலத்தன்மை கூடினால் அது வடிவம் மாறி, பொந்தில் இருக்கிற பயணியை வெளியே தள்ளிவிடும் என்று பார்த்திருக்கிறார்கள். நரம்பின் மேல்தோலுக்குப் பக்கத்தில் அந்த மாதிரிச் சூழல்தான் இருக்கும் என்று கருதுவதால், சரியான படித்துறையில் பயணியை இறக்கிவிடுகிற ஏற்பாடு இது என்கிறார்கள்.

படித்துறையில் காத்திருப்பது ஏற்பி. இதுவும் புரதம்தான், நரம்பணுவின் தோலில் பதிந்திருக்கும். நம் மூக்கிலும் ஏற்பிகள் உண்டு, ஆனால் நம்முடையது அரசாங்க அலுவலகம் மாதிரி: ஏற்பி இன்னொரு புரதத்திடம் சொல்லும், அது ஒரு நொதியிடம் சொல்லும், நொதி வேறொன்றை உண்டாக்கும், கடைசியாகத்தான் கதவு திறக்கும். பூச்சியின் ஏற்பியில் கதவே அதுதான். ஓர்கோ என்ற ஒரு துணைப் புரதத்தோடு சேர்ந்து நிற்கும், மூலக்கூறு வந்து உட்கார்ந்ததும் நடுவில் உள்ள வாய்க்கால் திறந்து மின்னேற்றம் கொண்ட அணுக்கள் நரம்புக்குள் பாயும். நரம்பில் ஒரு துடிப்பு ஓடும்.

இங்கே வரைக்கும் எல்லோரும் சொல்வார்கள். பிடித்தாயிற்று, ஏற்றிச் சென்றாயிற்று, மணி அடித்தாயிற்று. ஆனால் உள்ளே போன மூலக்கூறு அப்புறம் என்ன ஆகும்? அங்கேயே மிதந்துகொண்டிருந்தால் மறுபடி மறுபடி மணி அடித்துக்கொண்டே இருக்குமே? அதனால் மயிருக்குள் அதை உடைத்துப் போடும் நொதிகளும் இருக்கின்றன. பாலிஃபீமஸ் பூச்சியில் அந்த நொதியின் வேகத்தைக் கணக்குப் போட்டபோது, இருக்கும் மூலக்கூறில் பாதி அழிய ஒரு வினாடியில் நூறில் இரண்டு பங்கு நேரம்கூடத் தேவையில்லை என்று வந்தது. இவ்வளவு பாடுபட்டுப் பிடித்ததை இவ்வளவு அவசரமாக ஏன் அழிக்க வேண்டும்?

ஊதுபத்தியைப் பார்த்தால் காரணம் தெரியும். மூலையில் ஒரு ஊதுபத்தியைக் கொளுத்தி, மின்விசிறியை மெதுவாகச் சுற்றவிட்டுப் புகையைக் கவனியுங்கள். புகை சீராகப் பரவாது. கிழிந்த துணி மாதிரித் துண்டு துண்டாக, நடுநடுவே சுத்தக் காற்றோடு வரும். பெண் பூச்சியின் வாசனையும் அப்படித்தான் வருகிறது. எந்தப் பக்கம் வாசனை அதிகம், எந்தப் பக்கம் குறைவு என்று தேடினால் ஆண் பூச்சி குழம்பிப்போகும், துண்டுகளுக்கு நடுவில் அப்படி ஒரு ஒழுங்கே இல்லை. அது செய்வது வேறு: வாசனைத் துண்டு ஒன்று பட்டதும் காற்றடிக்கும் திசைக்கு எதிராக நேரே முன்னேறும், வாசனை நின்றதும் இடமும் வலமுமாக வளைந்து தேடும், அடுத்த துண்டு பட்டதும் மறுபடி நேரே. என் மேசையில் வளைந்து வளைந்து நடந்ததும் இந்தக் கணக்கில்தான். அப்படியானால் வாசனை எப்போது வந்தது என்பதற்குச் சமமாக எப்போது நின்றது என்பதும் உடனே தெரிந்தாக வேண்டும். பழைய வாசனை மயிருக்குள் தேங்கினால் பூச்சி நின்றுபோன வாசனையை நம்பி வெறுங்காற்றில் போய்க்கொண்டே இருக்கும். எனவே மீசையை வெறும் வலை என்று நினைக்காதீர்கள். பிடித்த கையோடு கழுவிவிடுகிற வலை அது, கழுவுகிற வேகம்தான் அதன் பாதித் திறமை.

டோக்கியோ பல்கலைக்கழகத்தில் கன்ஸாகி என்ற பேராசிரியரின் குழு இந்த நடையை வைத்து ஒரு வேடிக்கை செய்தது. ஒரு குட்டி வண்டியின் மேல் காற்றில் மிதக்கும் பந்து, பந்தின்மேல் ஒரு ஆண் பட்டுப்பூச்சி. பூச்சி நடக்க நடக்கப் பந்து உருளும், பந்து உருண்ட பக்கம் வண்டி ஓடும். வண்டி வாசனையைத் தேடிச் சரியாகவே போனது. ஓட்டுநர் உரிமம் இல்லாமல் கார் ஓட்டிய முதல் பூச்சி.

ஐந்து லட்சம் பூச்சிகளும் ஒரு கண்ணாடிக் குச்சியும்

பெண் பூச்சி வெளியிடும் பொருள் என்ன என்று கண்டுபிடித்த கதையையும் சொல்லிவிடுகிறேன். ஜெர்மனியில் அடால்ஃப் பூட்டனாண்ட் என்ற வேதியியலாளர், மனிதப் பாலின ஹார்மோன்கள் பற்றிய வேலைக்காக 1939-ல் நோபல் அறிவிக்கப்பட்டவர், இதை எடுத்துக்கொண்டு ஏறக்குறைய 20 ஆண்டுகள் உட்கார்ந்தார். 5 லட்சம் பெண் பட்டுப்பூச்சிகளின் வயிற்று நுனிச் சுரப்பிகளை வெட்டியெடுத்து, வடித்து, பிரித்து, மறுபடி பிரித்து, கடைசியில் கையில் நின்றது சில மில்லிகிராம். 1959-ல் அறிவித்தார். பட்டுப்பூச்சியின் அறிவியல் பெயரான பாம்பிக்ஸ் என்பதிலிருந்து அதற்கு பாம்பிகால் என்று பெயர். இந்த மாதிரி ஒரு உயிர் வெளியிட்டு அதே இனத்தின் இன்னொரு உயிரை ஆட்டிவைக்கும் பொருளுக்கு ஃபெரமோன் என்ற சொல்லும் அதே 1959-ல்தான் உண்டானது.

எனக்குப் பிடித்தது அவர்கள் சோதித்த விதம். பிரித்தெடுத்த ஒவ்வொரு பகுதியிலும் சரக்கு இருக்கிறதா இல்லையா என்று எப்படித் தெரியும்? அந்த அளவைக் காட்ட அன்றைக்கு எந்தக் கருவியாலும் முடியாது. கண்ணாடிக் குச்சியைத் திரவத்தில் தொட்டு ஆண் பூச்சியின் முன்னால் நீட்டுவார்கள். இறக்கை படபடத்தால் இருக்கிறது. படபடக்காவிட்டால் இல்லை. உலகத்தரமான வேதியியல் ஆய்வுக்கூடத்தில் கடைசித் தீர்ப்பு சொன்னது பூச்சியின் மீசை.

அதே காலத்தில் டீட்ரிக் ஷ்னைடர் என்பவர் மீசையின் இரண்டு முனையிலும் மின்கம்பி வைத்து, வாசனை படும்போது எழும் மின்னழுத்தத்தை அளக்க முடியும் என்று 1957-ல் காட்டினார். மீசையை வெட்டியெடுத்துத் தனியாக வைத்தாலும் கொஞ்ச நேரத்துக்கு அது வேலை செய்யும். அங்கிருந்து போய், கார்ல் எர்ன்ஸ்ட் கைஸ்லிங் போன்றவர்கள் தனித்தனி மயிரிலேயே நரம்புத் துடிப்பைக் கேட்டார்கள். அப்போதுதான் அந்த நம்ப முடியாத விஷயம் தெரிந்தது: ஒரு துடிப்புக்கு ஒரே ஒரு பாம்பிகால் மூலக்கூறு போதும். அதற்கும் கீழே போக வழியே இல்லை, அரை மூலக்கூறு என்று ஒன்று கிடையாது.

அதற்காக ஒரு மூலக்கூறு பட்டதும் பூச்சி எழுந்து ஓடாது. நரம்புகள் வாசனை இல்லாதபோதும் எப்போதாவது ஒருமுறை தானாகத் துடிக்கும். 17,000 பேர் உட்கார்ந்திருக்கிற மைதானத்தில் யாராவது இருமிக்கொண்டேதான் இருப்பார்கள், அதை யாரும் கைதட்டல் என்று எடுத்துக்கொள்வதில்லை. ஒரு வினாடிக்குள் கூடுதலாக ஒரு 200 துடிப்பு சேர்ந்தால்தான் பூச்சி அசையும். இவ்வளவு மயிர் எதற்கு என்ற கேள்விக்கும் இதிலேயே பதில் இருக்கிறது. இருமலிலிருந்து கைதட்டலைப் பிரிக்க ஆட்கள் நிறைய வேண்டும். இந்த 17,000 கம்பியும் மூளையில் ஒரே ஒரு பெரிய முடிச்சில் போய்ச் சேருகின்றன, கூட்டிப் பார்க்கிற வேலை அங்கே நடக்கிறது. பெண்ணின் மூளையில் அந்த முடிச்சு அப்படி இருக்காது.

சொல்லப்போனால் பெண்ணுக்குத் தன் வாசனையே தெரியாது. அவளுக்கும் சீப்பு மீசைதான், மயிரும் உண்டு, ஆனால் அதிலுள்ள நரம்புகள் லினலூல் மாதிரி செடிகொடிகளின் வாசனைகளுக்குத்தான் துடிக்கும்.

சாவியும் பூட்டும், அந்துருண்டையும்

ஃபிரான்ஸில் ழான் ஆன்ரி ஃபாப்ர் என்ற பூச்சிக்காரர் வீட்டில், மின்சார விளக்கு இல்லாத காலம், பெரிய மயில்கண் அந்துப்பூச்சிப் பெண் ஒன்று கூட்டிலிருந்து வெளிவந்தது. கம்பிவலைக் கூண்டில் வைத்தார். அன்றிரவே இருட்டில் எங்கிருந்தோ நாற்பது ஆண் பூச்சிகள் ஜன்னல் வழியாக வந்து குவிந்தன. வாசனைதான் காரணமா என்று பார்க்க, கூண்டைச் சுற்றி நாஃப்தலீன் வைத்தார். நம் ஊரில் பட்டுப்புடவைக்கு நடுவில் வைக்கிறோமே, அந்துருண்டை, அதேதான். அந்தை விரட்டும் உருண்டை என்றுதானே அதற்குப் பெயர். அறை முழுக்க அந்த நெடி, ஆனால் ஆண்கள் கொஞ்சமும் சட்டை செய்யாமல் வந்தன. இவ்வளவு நெடிக்கு நடுவில் ஒரு மெல்லிய வாசனை எப்படித் தெரியும், ஒருவேளை இது வாசனையே இல்லையோ என்று அவர் குழம்பினார்.

குழப்பத்துக்குக் காரணம் நம் மூக்கை வைத்து அதன் மூக்கை யோசித்ததுதான். நமக்கு ஒரு நெடி மற்றதை மூடிவிடும். ஆண் அந்தின் நீளமயிரில் உள்ள பூட்டு வேறு, நாஃப்தலீன் எவ்வளவு வந்தாலும் அந்தப் பூட்டுக்கு அது சாவி இல்லை. பட்டுப்பூச்சியின் நீளமயிர் ஒவ்வொன்றிலும் இரண்டு நரம்பணுக்கள். ஒன்று பாம்பிகாலுக்கு மட்டும். இன்னொன்று பாம்பிகால் என்பதன் மூலக்கூறு ஒரு முனையில் மட்டும் மாறிய பாம்பிகேல் என்ற உறவுக்காரப் பொருளுக்கு. முதலாவது போ என்று சொன்னால், இரண்டாவது நில் என்கிறது. வித்தியாசம் இரண்டு ஹைட்ரஜன் அணுக்கள்தான்.

2004-ல் ஜப்பானியர்கள் பாம்பிகாலின் பூட்டு எந்த மரபணுவிலிருந்து வருகிறது என்று கண்டுபிடித்தார்கள். 2011-ல் ஒரு படி மேலே போய், முட்டைக்கோஸைத் தின்கிற வைரமுதுகு அந்துப்பூச்சியின் பூட்டை எடுத்துப் பட்டுப்பூச்சியின் அந்த நரம்பணுவில் பொருத்தினார்கள். ஆண் பட்டுப்பூச்சி வைரமுதுகுப் பெண்ணைப் பார்த்து இறக்கையடிக்க ஆரம்பித்துவிட்டது! உருவத்தில் பத்தில் ஒரு பங்குகூட இல்லாத, வேறொரு குடும்பத்துப் பூச்சி. கண் என்ன சொன்னால் என்ன, மீசை சொல்வதுதான் சட்டம்.

பட்டுப்பூச்சி ஒரே பொருளில் வேலையை முடித்துக்கொள்கிறது என்றாலும் பெரும்பாலான அந்துகள் இரண்டு மூன்று பொருளைக் குறிப்பிட்ட விகிதத்தில் கலந்து வெளியிடும். பருத்தியின் இளஞ்சிவப்பு காய்ப்புழு இரண்டு பொருளைச் சரிபாதியாகக் கலக்கும். விகிதம் மாறினால் ஆள் மாறிவிட்டது என்று ஆண் திரும்பிப்போகும். அதனால் பல இனங்கள் ஒரே சரக்கை வெவ்வேறு கலவையில் பயன்படுத்த முடிகிறது. இதில் ஒரு வேடிக்கை: நூற்றுக்கும் மேற்பட்ட அந்து இனங்கள் தங்கள் கலவையில் சேர்க்கும் ஒரு பொருள், ஆசியப் பெண் யானையின் சிறுநீரிலும் இருக்கிறது, அங்கேயும் ஆண் யானையை அழைக்கத்தான். 1996-ல் இது தெரியவந்தது. யானை வெளியிடும் அளவு மலையளவு, பூச்சியுடையது தூசு, அதனால் முதுமலையில் எந்த யானையும் பூச்சியைத் துரத்திக்கொண்டு ஓடுவதில்லை.

வயலில் இனக்கவர்ச்சிப் பொறி வைத்திருப்பவர்களுக்கு இதெல்லாம் புதிதாகவே இருக்காது. 2018-ல் இந்தியாவுக்குள் வந்து மக்காச்சோளத்தை மொட்டையடித்த படைப்புழுவுக்கும் பொறி உண்டு, அதில் தொங்கும் ரப்பர்க் குமிழில் இருப்பது பெண் அந்தின் கலவைதான், தொழிற்சாலையில் செய்தது. பொறியில் விழுவது எல்லாமே ஆண். ஒரு பூச்சிக்கான குமிழைத் தொட்ட கையோடு இன்னொரு பூச்சிக்கான குமிழைத் தொடாதீர்கள் என்று சொல்வது ஏன் என்று இப்போது புரியும். நம் விரலில் ஒட்டியது நமக்கு ஒன்றுமே இல்லை, ஆனால் மயிரின் இரண்டாவது நரம்பணுவுக்கு நில் என்று சொல்ல அது தாராளம். மாறாக, வயல் முழுக்கக் குமிழ்களைத் தொங்கவிட்டுக் காற்றெல்லாம் பெண் வாசனையாக்கிவிட்டால், உண்மையான பெண் எங்கே இருக்கிறாள் என்று ஆணுக்குத் தெரியாமல் போகும். இதையும் ஒரு முறையாகவே செய்கிறார்கள். நான் மேலே சொன்ன சுத்தக் காற்று இடைவெளியை அழித்துவிடுகிற வித்தை இது.

மற்ற மயிர்களும் அந்தக் கணுவும்

நீளமயிரைப் பற்றியே பேசிக்கொண்டிருந்ததில் மற்றவை கோபித்துக்கொள்ளும். மீசையில் குட்டையான, மொட்டைமுனை மயிர்கள் உண்டு, இலை, பூ வாசனைகள் அவற்றின் வேலை. தடித்த முள் மாதிரி சில, நுனியில் மட்டும் ஒரே துளை, அவை தொட்டுச் சுவைப்பவை. ஆமாம், மீசையால் ருசி பார்க்கும். குழிக்குள் ஒளிந்திருக்கும் சின்ன முளைகள் சில. துளையே இல்லாத கூம்புகள் சில, அவற்றுக்குள் மூன்று நரம்பணுக்கள், ஒன்று குளிர்ந்தால் துடிக்கும், ஒன்று ஈரம் கூடினால், ஒன்று காற்று காய்ந்தால். பூச்சியின் வானிலை மையம். எல்லா மோப்பமும் மீசையில்தான் என்றும் இல்லை, கரியமில வாயுவை அந்துகள் உதட்டுப் பக்கத்தில் உள்ள ஒரு குழியால் உணர்கின்றன.

இப்போது அந்த இரண்டாவது கணு. அதற்குள் ஜான்ஸ்டன் உறுப்பு என்று ஒன்று இருக்கிறது. சாட்டை எவ்வளவு மெல்லிதாக ஆடினாலும் அதைக் கண்டுகொள்ளும் நரம்பணுக்கள் வட்டமாக நிற்கும் ஒரு கட்டு. கொசுவுக்கு இதுதான் காது. அந்துக்கு எதற்கு? சஞ்சய் சானே என்பவரும் கூட இருந்தவர்களும் அமெரிக்காவில் புகையிலைப் பருந்து அந்தை வைத்து 2007-ல் காட்டினார்கள். சாட்டையை வெட்டிவிட்டால் பூச்சி பின்னால் பறந்தது, சுவரில் மோதியது, கீழே விழுந்தது. அதே சாட்டையைப் பசை போட்டு ஒட்டினார்கள். சரியாகப் பறந்தது. ஒட்டிய சாட்டையில் நரம்பு இணையாது, மோப்பம் துளிகூட வராது, வெறும் எடை. அந்த எடை போதும். உடம்பு திரும்பும்போது, அதிர்ந்துகொண்டிருக்கும் சாட்டை தன் போக்கிலேயே போகப் பார்க்கும், அந்தச் சின்ன இழுப்பைக் கணுவில் உள்ள உறுப்பு படித்து, சாய்கிறோம், திரும்புகிறோம் என்று சொல்லும். செல்போனைத் திருப்பினால் திரையும் திரும்புகிறதே, அதற்குள் இருக்கிற சில்லு மாதிரி.

சானே இப்போது பெங்களூரில் தேசிய உயிரியல் அறிவியல் மையத்தில் இருக்கிறார். அங்கே அவர்கள் வைத்திருப்பது அரளிப் பருந்து அந்து, பச்சையில் வெளிர்சிவப்புக் கோலம் போட்ட அழகன். அதன் புழு அரளியையும் நந்தியாவட்டையையும் தின்னும், தலைக்குச் சற்றுப் பின்னால் கண் மாதிரி நீலப்பொட்டு வைத்த தடித்த பச்சைப்புழு. உங்கள் வீட்டு நந்தியாவட்டையிலேயே பார்த்திருப்பீர்கள்.

நீங்களே மீசையைப் பார்க்க ஆசைப்பட்டால் பெரிய ஏற்பாடு எதுவும் வேண்டாம். மழை பெய்து விட்ட மறுநாள் காலையில் வாசல் விளக்குக்குக் கீழே சுவரைப் பாருங்கள், நாலைந்து அந்து ஒட்டிக்கொண்டிருக்கும். மீசை தெரியவில்லை என்றால் இல்லை என்று நினைக்காதீர்கள், உட்காரும்போது பல அந்துகள் அதைப் பின்னால் மடித்து இறக்கைக்கு அடியில் செருகிவைத்துவிடும். இறக்கையின் ஓரத்தை ஒரு புல்லால் லேசாகத் தொட்டால் முதலில் வெளியே வருவது அதுதான்.